போத்தல் நிறையப் பயிற்றங்காய் விதை

காலையில் தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குள் போனேன். கழுவிய பாத்திரங்களை அடுக்கும் தட்டில் ஒரு பெரிய கோப்பிப் போத்தல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடி பக்கத்தில் கிடந்தது. இரண்டிலிருந்தும் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுப்பில் பெரிய சட்டி. ரஞ்சி அக்கா அகப்பையும் கையுமாக நின்றார். தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் சேர்ந்த வாசனை வீடு முழுக்கப் பரவியிருந்தது. ஐயாவுக்குப் படைக்க எல்லாம் ஆயத்தம், நான் போய்க் குளித்துவிட்டு வந்தால் சரி என்றார்.

இந்தப் போத்தலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவுதான். செத்த வீட்டில் ஆருக்குப் போத்தல் யோசனை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் துவாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அப்போது நின்று அந்தப் போத்தலை ஒருமுறை சரியாகப் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. காரியம் முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் மனம் கேட்பதில்லை. இத்தனை வருடம் கழித்தும் தண்ணீர் சொட்டும் அந்தப் போத்தல்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது.

விமானங்களுக்குக் கீழே

மொன்றியல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் டோர்வல் வீட்டைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே புலம்பியிருக்கிறேன். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். சண்டை பிடிக்கும்போது அது ஒரு வசதி. பாதிச் சண்டை எங்கே நிறுத்தினோம் என்பது மறந்துபோய்விடும்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்தது. இரண்டு வான்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். வீடு வாங்கும்போது நான் குளியலறையைப் பார்த்தேன். என் மனைவி மலர் நேரே பின்கதவைத் திறந்து வெளியே போய், ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தாள். வீட்டை விற்க வந்த மனுஷி ஏதும் பிழையோ என்று என்னைக் கேட்டாள். மண் நல்லதாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். மலர் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. அங்கே எறியப்படும் சின்னப் பிளாஸ்ரிக் கோப்பைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். மாசி மாதம் முடிய முன்னரே எங்கள் வீட்டு ஜன்னல் ஓரமெல்லாம் கோப்பைகள் நிறைந்துவிடும். வெளியே இடுப்பளவு பனி, உள்ளே கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகள். வருகிறவர்கள் தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்க இடம் தேடுவார்கள்.

சித்திரையில் பனி உருகியதும் கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டி நிலத்தின்மேல் விரித்துக் கல் வைப்பாள். மண் கெதியில் சூடேறவேண்டும். இலையுதிர் காலத்தில் அயலவர்கள் மேப்பிள் இலைகளை வாரிப் பையில் கட்டித் தெருவோரம் வைத்தால், மலர் அந்தப் பைகளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். முன்வீட்டுக் கிழவி முதலில் திகைத்துப்போனாள். பிறகு அவளே பையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்து 'பொன்ஜூர்' சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினாள்.

ஒருமுறை மீன்தலை, மீன்செதில் எல்லாவற்றையும் உரமாகப் புதைத்தாள். இரண்டே நாளில் ஸ்கங்க் என்ற நாற்றப் பிராணி ஒன்று வந்து தோட்டத்தைக் கிண்டி எறிந்து, துரத்தப் போன எனக்குத் தன் வாசனையையும் தந்துவிட்டுப் போனது. அடுத்த நாள் வேலைத்தலத்தில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. மலர் மட்டும் அது நல்ல மண் என்பதற்கு அத்தாட்சி என்றாள்.

ஆனால் ஒரு துளி மருந்து அடிக்கமாட்டாள். கடையில் விற்கும் உரம்கூட வாங்கமாட்டாள். அதில் விளையாட்டே இல்லை. ஊரில் அவளுடைய தமையன் வெங்காயத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்து கிணற்றடியில் விழுந்தவர். கையாலேயே மருந்தைக் கலக்கிய மனிதர். உயிர் தப்பிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாட்டில் உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. உமி தின்கிற மாதிரி இருக்குது என்பாராம். அவள் அவருக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்து வளர்ந்தவள்.

கடைகளில், மருந்தடிக்காதது என்ற பொருளில், 'பியோ' என்று எழுதிய மரக்கறியை எல்லாரும் பெருமையாக வாங்கத் தொடங்கிய காலம் அது. நம்முடைய வேலியிலும் ஒரு பியோ பலகை தொங்கவிடுவோமா என்று அவளைச் சீண்டுவேன். நாங்கள் தின்கிறதுக்கு ஏன் பலகை என்பாள்.

சிவப்பு நூல்

எல்லாம் வளர்ந்தது, ஊரில் முழ நீளத்துக்குக் காய்க்கும் பயிற்றங்காய் மட்டும் வளரவில்லை. வளர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். வேலி நிறைய இலை. பூ வரும்போது புரட்டாதி. காய் விரல் நீளம் வருவதற்குள் உறைபனி விழுந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். மொன்றியல் கோடைக்கு அவ்வளவுதான் பொறுமை.

முதல் வருடம் ஒரே ஒரு கொடி மட்டும் மற்றவற்றைவிட முந்திப் பூத்தது. அதில் ஒரு காய். மலர் அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். அதன் அர்த்தம், அதை ஒருவரும் ஆயக்கூடாது. பனி வருவதற்குள் அது எப்படியோ முற்றிவிட்டது. அந்த விதையை அடுத்த வருடம் போட்டாள். அதிலும் எது முந்திப் பூக்கிறதோ அதற்கு நூல்.

இப்படியே வருடாவருடம் நடந்தது. காய் முதலில் ஆவணிக் கடைசியில் வந்தது. பிறகு ஆவணி நடுவில். பிறகு ஆடி முடியும் முன்னரே வேலியில் காய் தொங்கியது. இப்படி ஒன்பது கோடை. இந்தக் குளிர் நிலத்துக்கென்று ஒரு பயிற்றங்காயை அவள் தன் கையாலேயே உண்டாக்கிவிட்டாள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. காய் வந்தது, கறி வைத்தோம், சாப்பிட்டோம்.

ரஞ்சி அக்காதான் அதன் அருமையை முதலில் கண்டவர். அவர் திருகோணமலைக்காரர். கோட்-டெ-நெய்ஜில் ஒரு அடுக்குமாடியில் தனியே இருந்துகொண்டு, பக்கத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களைத் தன் அறையில் வைத்துச் சோறு போட்டவர். உறவு கிடையாது. உறவைவிட அதிகம்.

மலர் கொடுத்த காயைக் கறி வைத்துச் சாப்பிட்டுவிட்டு விதை கேட்டார். தன் பல்கனியில் வாளியில் போட்டு வளர்க்கப்போகிறாராம்.

"இன்னும் ஒரு வருஷம் அக்கா. இன்னும் சரியாய் நிலைக்கேல்லை. பேந்து தாறன்" என்றாள் மலர்.

அடுத்த வருடமும் அதே பதில். காயை அள்ளி அள்ளிக் கொடுப்பாள், விதையைக் கண்ணிலும் காட்டமாட்டாள். கொடுத்து, அது காய்க்காமல் போனால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவளுடைய பயம். கோயிலில் மற்றப் பெண்களும் கேட்டார்கள். எல்லாருக்கும் இன்னும் ஒரு வருஷம்தான். மலர் விதையில் கசவாரம், ஒன்றும் கையை விட்டுக் கழராது என்று ரஞ்சி அக்கா எல்லாருக்கும் முன்னால் சொல்லிச் சிரிப்பார். மலரும் சிரிப்பாள்.

ஒருதரமாவது நாலு விதையை அந்த மனுஷியின் உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கலாம். 

எல்லாருக்கும்

ஒரு வசந்தத்தில் மலர் முடிவெடுத்தாள். இனி விதை கொடுக்கலாம். கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். ரஞ்சி அக்காவுக்கு முதல் பங்கு.

நிறைய விதை வேண்டும் என்பதால் கையிருப்பில் இருந்த அத்தனையையும் மண்ணில் போட்டாள். கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. அந்தக் கோடை எங்கள் வீட்டில் பயிற்றங்காய்க் கறியே கிடையாது. எல்லாக் காயும் விதைக்கு. வேலி முழுக்கச் சிவப்பு நூல் தொங்கியது. காய்ந்தவற்றை ஆய்ந்து கொண்டுவர, வேலை முடிந்து வந்து இருவரும் மேசையில் இருந்து உடைத்தோம். நூல்களைச் சேர்த்து மேசை லாச்சியில் வைத்தாள். விதை ஒரு பெரிய கோப்பிப் போத்தலில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே. அங்கேதான் சூடாகவும் ஈரமில்லாமலும் இருக்கும்.

செம்மண் நிறத்தில் மினுக்கமான விதைகள். நாங்கள் கௌபி என்று சொல்லும் தட்டைப்பயற்றுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

போத்தல் நிறைந்த வாரம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. ஐயா, என் தகப்பன், போய்விட்டார்.

சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டியிருந்த காலம். போக நினைத்தாலும் போய்ச்சேர முடியாது. எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன், டோர்வலில் கையில் ரிசீவரோடு நின்றேன். மேலே விமானம் போனது. தம்பி சொன்ன பாதி கேட்கவில்லை. இன்னொருமுறை சொல்லச்சொல்லிக் கேட்கவும் மனம் வரவில்லை.

ஐயாவுக்கு என்ன விருப்பம்

ஆட்கள் வரத்தொடங்கினார்கள். எங்கள் அடுப்பு எரியவில்லை, சாப்பாடு எல்லாம் வெளியிலிருந்து வந்தது. எட்டாம் நாள் செலவு என்ற சடங்குக்கு வீட்டிலேயே சமைத்து, போனவருக்கு விருப்பமானதையெல்லாம் படைக்கவேண்டும். அதற்காக முதல்நாள் மாலையே ரஞ்சி அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு கையிலும் பை. வேலைக்கு லீவு போட்டிருந்தார்.

மலர் நித்திரையில்லாமல் கண்ணெல்லாம் வீங்கி நின்றாள். அக்கா அவளைக் குசினியிலிருந்து வெளியேற்றிக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். விடிய எழும்பினால் போதும் என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, ஐயாவுக்கு என்ன விருப்பம் எண்டு சொல்லுங்கோ. ஒண்டும் விடக்கூடாது."

யோசித்தேன். பாரை மீன் குழம்பு. முருங்கைக்காய்க் கறி. ஒரு சுருட்டு. அதெல்லாவற்றையும்விட அவருக்கு விருப்பமானது ஒன்று இருந்தது. சந்தையால் வந்ததும் முற்றத்தில் நின்றபடியே கேட்பார்.

"அவிச்ச கௌபி அக்கா. தேங்காய்ப்பூ போட்டு, செத்தல் மிளகாய் போட்டு."

 அந்த எட்டு நாளில் நான் அழுதது அப்போதுதான். அக்கா என் தலையைத் தடவிவிட்டுக் குசினிக்குள் போனார். அவருடைய பையில் கௌபி இல்லை. தமிழ்க்கடைக்குப் போகவேண்டுமென்றால் அந்த நேரத்தில் இரண்டு பஸ் மாறவேண்டும். நிமிர்ந்து பார்த்திருக்கிறார். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு போத்தல் நிறைய இருந்தது.

இரவே ஊறப்போட்டுவிட்டார்.

மறுநாள் படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட இருந்தார்கள். ஐயாவின் பெயரைச் சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் கௌபி. நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். அவ்வளவு ருசி. ஐயா கொடுத்துவைத்தவர், மகன் எங்கே இருந்தாலும் வாய்க்கு விருப்பமானதைப் படைத்துவிட்டான் என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மலர் குளித்துவிட்டு அப்போதுதான் வந்தாள். குசினி வாசலில் நின்று கவிழ்ந்திருந்த போத்தலைப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். ஒரு விமானம் போய்முடியும்வரை அப்படியே நின்றாள். மாமனாரை நினைத்து நிற்கிறாள் என்றுதான் நான் எண்ணினேன்.

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து மற்றப் பெண்களோடு இருந்தாள். ரஞ்சி அக்கா அவளுக்கும் ஒரு அகப்பை போட்டு, பதம் சரியோ என்று கேட்டார். மலர் வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"நல்லாய் அவிஞ்சிருக்கு அக்கா" என்றாள்.

தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு, ரஞ்சி அக்காவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். மலர் வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. 

"எல்லாருக்கும் குடுக்கத்தானே வைச்சிருந்தன்" என்றாள். "எல்லாருக்கும் குடுத்தாச்சு."

போத்தலை மூடி மேசையில் வைத்துவிட்டு, "அக்காவுக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதையுங்கோ. அவ தாங்கமாட்டா" என்றாள்.

துடக்கு

வேலியில் இன்னும் பச்சைக் காய்கள் இருந்தன. பிந்திப் பூத்தவை. அவை முற்ற இரண்டு கிழமையாவது வேண்டும். இரவில் பழைய படுக்கை விரிப்புகளால் மூடினால் பனிக்குத் தப்பவைக்கலாம். வழக்கமாக மலர் அப்படித்தான் செய்வாள்.

ஆனால் வீடு துடக்கில், சாவுத் தீட்டில், இருந்தது. துடக்கோடு கொடியைத் தொட்டால் பட்டுப்போகும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். தோட்டத்தில் மருந்தை எப்படித் தொடமாட்டாளோ அப்படித்தான் இதுவும். நான் போய் மூடுகிறேன் என்றேன். என்னைவிட உங்களுக்குத்தானே கூடத் துடக்கு என்றாள். இதெல்லாம் இந்தக் காலத்தில் என்று தொடங்கினேன்.

"மாமாவுக்கு நாங்கள் வேற என்ன செய்தனாங்கள்? போகவும் இல்லை. இந்த முப்பத்தொரு நாள் துடக்கையாவது ஒழுங்காய்க் காப்பம்" என்றாள்.

 என் தகப்பனுக்காக அவள் பிடித்த விரதத்தை நான் எப்படி முறிக்கச் சொல்வது.

ரஞ்சி அக்காவைக் கூப்பிடலாம். ஒரு சொல் சொன்னால் போதும், தன் வீட்டுப் போர்வையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடிவருவார். ஆனால் எதற்கு இந்தப் பதற்றம், வேறு விதை இல்லையோ என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லமுடியாது. ஆகவே கூப்பிடவில்லை.

மலர் குசினி ஜன்னலில் நின்று பார்ப்பாள். இரவு வானொலியில் குளிர் எவ்வளவு என்று கேட்பாள். ஒரு காலை எழும்பிப் பார்த்தபோது வேலி முழுக்க அவித்த கீரை தொங்கியது போல இருந்தது. சிவப்பு நூல் கட்டிய காய்கள் கறுத்துத் துவண்டிருந்தன. அவள் திரையை இழுத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் போய் அந்தக் காய்களை உடைத்துப் பார்த்தோம். உள்ளே விதை முற்றாமல் பிசுபிசுத்தது. அதிலும் கொஞ்சத்தைப் பொறுக்கி ஹீற்றருக்குப் பக்கத்தில் கடதாசியில் காயவைத்தாள். வசந்தத்தில் கோப்பைகளில் ஊன்றினாள். எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. தினமும் காலையில் ஒவ்வொரு கோப்பையாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு சப்பாத்துக் கட்டுவேன்.

கடையில் விதை வாங்கிக் கொடுத்தேன். வேலி நிறைய இலை, புரட்டாதியில் பூ. பழைய கதை. மறுபடி நூலைக் கட்டித் தொடங்குவம் என்றேன். இன்னொரு ஒன்பது வருஷம் ஆருக்கு இருக்கு என்றாள். பிறகு அந்த வேலியோரம் உள்ளிப்பூண்டு நட்டாள். உள்ளி பனிக்குப் பயப்படாது.

கோயிலில் பெண்கள் விதை கேட்டார்கள். இந்த வருஷம் சரிவரேல்லை என்றாள். அடுத்த வருஷமும் சரிவரேல்லை. பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். பின்னால் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. கசவாரம் என்ற பகிடி, சிரிப்பில்லாத பேச்சாகிவிட்டது. மனம் கொதிக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மலரின் பெயர் தெளிந்துவிடும், ரஞ்சி அக்கா உடைந்துபோவார். மலர் என் முகத்தைப் பார்ப்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கோட்-டெ-நெய்ஜில் ஒரு பின்னேரம்

ரஞ்சி அக்கா இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எழுத மலர் விட்டிருக்கமாட்டாள்.

கடைசிக் காலத்தில் வேலை செய்த அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போய்வந்தார். சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் கிழமைக்கு ஒருமுறை மெட்ரோ எடுத்துப் போவோம். வாய்க்கு என்ன விருப்பம் என்று மலர் ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள். கௌபி அவித்துக் கொண்டுவா பிள்ளை என்றார்.

தமிழ்க்கடைக் கௌபிதான். மலர் அதை ஊறவைத்து, அவித்து, தேங்காய்ப்பூ துருவிப் போட்டுச் சூடு ஆறாமல் கட்டிக்கொண்டு வந்தாள். பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் கட்டில். வெளியே வெறும் வாளி ஒன்று மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தலையணையை நிமிர்த்தி அக்காவை இருத்திவிட்டு மலர் கரண்டியால் ஊட்டினாள்.

அக்கா மெதுவாக மென்றார். வாளியைக் காட்டினார்.

"கடைசி வரைக்கும் நீ எனக்கு விதை தரேல்லை, என்ன" என்றார். கோபமில்லை. பழைய பகிடி மாதிரித்தான் சொன்னார்.

மலர் அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இரண்டாம் கரண்டியோடு அக்கா போதும் என்று கையைக் காட்டினார்.

"குறை நினையாதை பிள்ளை. ஐயாவின்ரை எட்டுக்கு உங்கட வீட்டில அவிச்ச கௌபி மாதிரி இல்லை. அந்த ருசியை நான் பிறகு ஒரு இடத்திலும் காணேல்லை. அது எந்தக் கடையில வாங்கினனீ?"

மலர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அந்தக் கடை பூட்டியாச்சு அக்கா" என்றாள்.